தலைமடைத் தட்டும் கடைமடைக் கட்டியும்: ஓபியாய்டு வலிமருந்தைப் புற்றுநோய்ச் செல்லில் சோதிக்க எந்த வழி?

மெத்தடோன் என்ற ஓபியாய்டு (அபின் வகை) வலிமருந்து புற்றுநோய்ச் செல்லையும் கொல்லும் என்ற பேச்சு ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகத்திலிருந்து கிளம்பியது. கிளாடியா ஃப்ரீசனின் குழு 2008இல் ரத்தப்புற்றுச் செல்களிலும், 2014இல் கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டிச் செல்களிலும் அதைக் காட்டியது. 2017இல் செய்தி அங்கே தொலைக்காட்சிக்குப் போனதும் நோயாளிகள் மருத்துவரிடம் மெத்தடோன் கேட்டு நின்றார்கள். அதே ஆண்டு பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனை கிளியோமா என்ற மூளைக்கட்டி வகை கொண்ட 27 நோயாளிகளுக்குக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டது. அது சொன்னது, நோயாளிகளால் மருந்தைத் தாங்க முடிகிறது என்பதை மட்டுமே. 2019இல் லைப்சிக் ஆய்வகம் கிளியோபிளாஸ்டோமா செல்களில் கதிர்வீச்சோடும் கீமோ மருந்தோடும் மெத்தடோனைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, கூடுதல் பலன் இல்லை என்றது.

ஒரே மருந்து, ஒரே வகைச் செல், இரண்டு முடிவு. இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் சிதம்பரத்திலும் திருவாரூரிலும் செல் கல்ச்சர் அறை வைத்திருக்கும் துறைகளுக்கு ஆசை வரும்: நாமும் செய்து பார்க்கலாமே! தாராளமாகச் செய்யலாம். ஆனால் எந்த மருந்து, எந்தச் சோதனை முறை, தனி மருந்தா கூட்டு மருந்தா என்ற மூன்று தேர்வுகளை ஆர்டர் போடுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

மூன்றுக்கும் பொதுவான உரைகல் ஒன்று உண்டு. மேட்டூரில் எவ்வளவு திறந்தார்கள் என்று கேட்டு வேதாரண்யத்துக் கடைமடைக்காரர் நாற்று விடுவதில்லை. தன் வாய்க்காலுக்கு எவ்வளவு வந்தது என்றுதான் பார்ப்பார். செல் தட்டு தலைமடை. நாம் ஊற்றுவது அப்படியே செல்லின்மேல் நிற்கும். நோயாளியின் உடலில் இருக்கும் கட்டியோ கடைமடை. ஓபியாய்டு சார்பு சிகிச்சையில் மெத்தடோன் எடுப்பவரின் ரத்தத்தில் அது பொதுவாக மில்லிக்கு 0.1 முதல் 0.4 மைக்ரோகிராம் வரை இருக்கும். அதிலும் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ரத்தப் புரதத்தில் ஒட்டிக்கொண்டுவிடும். தட்டில் மில்லிக்கு 10 அல்லது 30 மைக்ரோகிராம் ஊற்றி, செல் செத்தது என்று எழுதுவது, மேட்டூர் அணை நிரம்பியதைப் பார்த்துக் கடைமடையில் போகம் விளைந்துவிட்டது என்று கணக்கு எழுதுவது போல. தட்டின் மீடியாவில் 10 விழுக்காடு சீரம்தான். ஒட்டிக்கொள்ளப் புரதமும் அங்கே குறைவு. ஆகவே உண்மையான இடைவெளி எண்ணில் தெரிவதைவிடப் பெரியது.

எந்த மருந்து

மெத்தடோனை எடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய ஆய்வுகள் உண்டு. அதுதான் பெரிய லாபம். அது லீவோ, டெக்ஸ்ட்ரோ என்ற இரண்டு கண்ணாடிப் பிம்ப வடிவங்களின் கலவை என்பதும் சோதனைக்கு வசதி. ஓபியாய்டு போய் ஒட்டும் செல் புரதமான மியூ ஓபியாய்டு ஏற்பியைத் தூண்டும் வேலை பெரும்பாலும் லீவோ வடிவத்துடையது. லீவோவும் டெக்ஸ்ட்ரோவும் ஒரே அளவில் செல்லைக் கொன்றால் ஏற்பிக்கு அதில் பங்கில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். சிக்கல் அனுமதியில். என்டிபிஎஸ் எனப்படும் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி இது போதைப்பொருள். மருத்துவ, அறிவியல் பயன்பாட்டுக்கு மட்டுமே, உரிய அனுமதியோடும் பதிவேட்டோடும் வைத்திருக்கலாம். 2014 திருத்தத்துக்குப் பிறகு மார்ஃபின், மெத்தடோன், ஃபெண்டனைல் உள்ளிட்ட ஆறு மருந்துகள் 'அத்தியாவசியப் போதை மருந்துகள்' ஆயின. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் அவற்றை வாங்குவது எளிதாயிற்று. கலைக்கல்லூரியின் உயிரித் தொழில்நுட்பத் துறை அந்த வகையில் வராது. ஆகவே மருத்துவக் கல்லூரி ஒன்றோடு கைகோத்து, மருந்து அவர்கள் பூட்டில், அவர்கள் பதிவேட்டில் இருக்கும்படி ஏற்பாடு செய்துகொள்வதே நடைமுறை. ஆறு மாத எம்எஸ்சி ப்ராஜெக்டில் இந்தக் காகித வேலையே ஆறு மாதத்தைத் தின்றுவிடும்.

ஆம்பியூலில் வரும் மெத்தடோன் திட்டக் கரைசலை வாங்கலாமே என்று சிலர் நினைப்பார்கள். அது பெரும்பாலும் மெத்தனாலில், மில்லிக்கு 1 மில்லிகிராம் அளவில் வரும். தட்டில் 10 மைக்ரோகிராம் வேண்டுமென்றால் மீடியாவில் 1 விழுக்காடு மெத்தனால் சேரும். 30 வேண்டுமென்றால் 3 விழுக்காடு. செத்தது மருந்தாலா மெத்தனாலாலா என்று பிறகு பிரிக்க முடியாது. ரத்த அளவான 0.3இல் அதே மெத்தனால் 0.03 விழுக்காடுதான், தொந்தரவில்லை. தூளாகக் கிடைத்தால் ஹைட்ரோகுளோரைடு உப்பு தண்ணீரிலேயே கரையும்: 10 மில்லிகிராமை 10 மில்லி நுண்ணுயிர் நீக்கிய நீரில் கரைத்து 0.22 மைக்ரான் வடிகட்டியில் விட்டால் போதும். ஒரு திருத்தம்: 1 மில்லிகிராம் உப்பில் மெத்தடோன் 0.89 மில்லிகிராம்தான். ரத்த அளவுகளை அந்த மெத்தடோனைக் கொண்டுதான் சொல்கிறார்கள். உப்பின் எடையை அப்படியே ஒப்பிட்டால் பத்து விழுக்காடு தவறும். மாத்திரையை இடிப்பதும் சிரப்பை ஊற்றுவதும் கூடவே கூடாது. மாத்திரையில் மாவுப்பொருள், சிரப்பில் பாரபென்னும் சர்க்கரையும். செல் அவற்றுக்கே பதில் சொல்லும்.

மார்ஃபின் இருமுனைக் கத்தி. 2002இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், நோயாளிக்குக் கொடுக்கும் அளவுக்கு நிகரான மார்ஃபின் எலிகளில் புது ரத்தக்குழாயைத் தூண்டி மார்பகக் கட்டியை வளர்த்தது. வேறு ஆய்வுகளில் உயர்ந்த அளவு வளர்ச்சியைத் தடுத்தது. இங்கும் வித்தியாசம் அளவுதான். முதல்முறை செய்பவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். டிராமடால் என்ற ஓபியாய்டு வலிமருந்தில் அனுமதித் தொல்லை இல்லை என்று நினைப்பவர்கள் பழைய தகவலை வைத்திருக்கிறார்கள். 2018 ஏப்ரலிலிருந்து அதுவும் என்டிபிஎஸ் பட்டியலில்.

மிஞ்சுவது லோபெரமைடு. வயிற்றுப்போக்கு மாத்திரையாக எல்லா மருந்துக்கடையிலும் கிடைப்பது. அதுவும் மியூ ஏற்பியைத் தூண்டும் ஓபியாய்டுதான்; மூளைக்குள் போகாததால் வலிமருந்தாகப் பயன்படுவதில்லை. அனுமதிப் பிரச்சினை இல்லாமல் தூய தூளாக வாங்கலாம். கிளியோபிளாஸ்டோமா செல்லில் அது, செல் தன்னைத்தானே தின்னும் ஆட்டோஃபேஜியைத் தூண்டிக் கொல்வதை ஃப்ராங்க்ஃபர்ட் குழு 2018இல் காட்டியிருக்கிறது. ஆனால் அங்கே பயன்பட்டது 10 மைக்ரோமோலாருக்கு மேல். 10 மைக்ரோமோலார் என்பது மில்லிக்கு 4.8 மைக்ரோகிராம், வழக்கமான டோஸ் எடுத்தவர் ரத்தத்தில் இருப்பதோ ஓரிரு நானோகிராம். இடைவெளி ஆயிரம் மடங்குக்கு மேல். ஆகவே லோபெரமைடு முறையைக் கற்கவும், ஏற்பி வழியையும் ஏற்பியல்லாத வழியையும் பிரித்துப் பார்க்கவும் நல்ல பொருள். புற்றுநோய் மருந்து கண்டோம் என்று தலைப்பு வைக்க அது இடம் தராது.

எம்எஸ்சிக்கு லோபெரமைடும், ஓபியாய்டு ஏற்பியை அடைக்கும் மருந்தான நலாக்சோனும். பிஎச்டிக்கு, மருத்துவக் கல்லூரி துணை இருந்தால், மெத்தடோன். எங்கள் தேர்வு இதுதான்.

எந்தச் சோதனை முறை

மருந்து ஏற்பியில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் பார்க்கும் டாக்கிங்கை ஒரு வரியில் கடந்துவிடலாம். மெத்தடோன் மியூ ஏற்பியில் உட்காரும் என்பது எல்லாருக்கும் தெரியும்; அதைத் திரையில் வண்ணத்தில் காட்டுவதால் புற்றுநோய் பற்றி எதுவும் புதிதாகத் தெரிவதில்லை.

எலிக்கும் இப்போது போக வேண்டாம். மனிதக் கட்டியை வளர்க்க நோயெதிர்ப்பு இல்லாத நியூட் எலி வேண்டும். அதற்கு வடிகட்டிய காற்றும், நுண்ணுயிர் நீக்கிய தீனியும், நிறுத்தாத ஏசியும் வேண்டும். விலங்கு நெறிமுறைக் குழு அனுமதியும் வேண்டும். அத்தனையும் இருந்தாலும் மருந்தியல் காலை வாரிவிடும்: மனிதரில் ஒரு நாள் போலத் தங்கும் மெத்தடோன் எலியில் சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். போதாததற்கு ஓபியாய்டு எலியை மந்தமாக்கி இரையெடுப்பைக் குறைக்கும். எடை குறைந்த எலியில் கட்டியும் மெதுவாக வளரும். அதை மருந்தின் பலன் என்று எழுதிவிடுவது சுலபம்.

கோழிக்கரு முட்டை இடைப்பட்ட வழி. ரத்தக்குழாய் வளர்ச்சியைப் பார்க்க மலிவு. கடை முட்டையில் கரு இருக்காது, பொரிப்பகத்திலிருந்து ஒரே நாளில் இட்ட முட்டையாக வாங்க வேண்டும். கேள்வி ரத்தக்குழாயைப் பற்றியதாக இருந்தால் மட்டும் இது பொருந்தும்.

ஆக உண்மையான போட்டி தட்டையான தட்டுக்கும் உருண்டைக்கும்தான்.

96 குழித் தட்டில் எம்டிடி என்ற நிறமாற்றச் சோதனை எல்லாருக்கும் பழக்கம். அந்தப் பழக்கமே ஆபத்து. தட்டை இப்படிப் பிரித்தால் ஒரே தட்டில் பெரும்பாலான கேள்விகளுக்கு விடை கிடைக்கும்: சுற்றியுள்ள 36 குழிகளில் செல் போடாமல் 200 மைக்ரோலிட்டர் பிபிஎஸ் (பிஎச் மாறாத உப்புக்கரைசல்) நிரப்புங்கள். ஓரக் குழி காய்ந்து உப்பேறி ரீடிங் தவறுவது நம் ஊர் வெயிலில் சாதாரணம். உள்ளே மிஞ்சும் 60 குழி என்பது பத்து நெடுவரிசை, ஆறு குறுக்குவரிசை. முதல் நெடுவரிசையில் வெறும் மீடியா, அடுத்ததில் மருந்தில்லாச் செல், அதற்கடுத்ததில் கரைப்பான் மட்டும். மீதி ஏழில் மில்லிக்கு 0.03, 0.1, 0.3, 1, 3, 10, 30 மைக்ரோகிராம். மேல் மூன்று குறுக்குவரிசைகள் நலாக்சோன் இல்லாமல், கீழ் மூன்று நலாக்சோனோடு. மேலிருந்து கீழே பார்த்தால் ஏற்பியின் பங்கு தெரியும். இடமிருந்து வலமாகப் பார்த்தால் அளவின் பங்கு தெரியும்.

குழிக்கு 5,000 செல், 100 மைக்ரோலிட்டரில். 72 மணி நேரம் வைப்பதானால் 2,000 முதல் 3,000 போதும், இல்லையேல் மருந்தில்லாக் குழி நெருக்கத்திலேயே நின்றுவிடும். ஒரு நாள் ஒட்டவிட்டு, கீழ் வரிசைகளுக்கு 40 மைக்ரோமோலார் நலாக்சோன் 50 மைக்ரோலிட்டர், மேல் வரிசைகளுக்கு அதே அளவு மீடியா. அரை மணி கழித்து மருந்து 50 மைக்ரோலிட்டர். மொத்தம் 200 ஆவதால் மருந்துக் கரைசல் நான்கு மடங்காக இருக்க வேண்டும்: 0.3 வேண்டுமானால் 1.2 ஆகக் கலக்க வேண்டும். இந்த நான்கை மறப்பவர் எண்ணிக்கை அதிகம். ஐசி50 (பாதிப் பலன் தரும் அளவு) நாலு மடங்கு தள்ளிப்போய், முந்தைய ஆய்வோடு ஏன் ஒத்துவரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். முடிவில் மில்லிக்கு 5 மில்லிகிராம் எம்டிடி 20 மைக்ரோலிட்டர், இருட்டில் மூன்று நான்கு மணி நேரம், மீடியாவை எடுத்துவிட்டு டிஎம்எஸ்ஓ 100, பிறகு 570 நானோமீட்டரில் ரீடிங், 630இன் ரீடிங்கைக் கழித்து.

30 மைக்ரோகிராம் நெடுவரிசையில் நலாக்சோன் காப்பாற்றவில்லை என்றால் அவசரப்படாதீர்கள். அங்கே மெத்தடோன் ஏறத்தாழ 97 மைக்ரோமோலார், நலாக்சோன் 10. போட்டியில் நலாக்சோன் தோற்கலாம். 0.3இல் மெத்தடோன் 1 மைக்ரோமோலார்தான், அங்கே நலாக்சோன் கை ஓங்கியிருக்கும். ஏற்பி பற்றி எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இடப்பக்கத்து நெடுவரிசைகளைத்தான் நம்ப வேண்டும்.

எம்டிடி அளப்பது செல்லின் வளர்சிதை வேகத்தை, சாவை அல்ல. மெத்தடோனும் லோபெரமைடும் கொழுப்பில் கரையும் காரங்கள். செல்லுக்குள் இருக்கும் அமிலப் பையான லைசோசோமில் போய்க் குவியும். செல் சாகாமலே நிறம் குறையலாம். செத்த செல்லில் மட்டும் ஏறும் டிரைபான் நீலத்தில் எண்ணிப் பாருங்கள்; செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி வசதி இருந்தால் சாகும் செல்லைக் காட்டும் அனெக்சின்; முடிந்தால் பத்து நாள் காலனி சோதனை. மூன்றில் ஒன்றுகூட இல்லாமல் 'கொல்கிறது' என்ற சொல்லைப் போட வேண்டாம்.

காரம் என்பதிலிருந்து வரும் இன்னொரு வினை கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் இருக்கிறது. வாயு தீர்ந்தால் மீடியாவின் பிஎச் ஏறும், ஆரஞ்சுச் சிவப்பு ஊதாவாகும். பிஎச் 7.4இல் மெத்தடோனில் இரண்டு மூன்று விழுக்காடுதான் மின்னூட்டமற்ற வடிவம், அதுதான் செல்லுக்குள் எளிதில் நுழையும். 8.2இல் அது 14 விழுக்காடு அளவுக்குப் போகும். இரவில் சிலிண்டர் தீர்ந்த தட்டில் மருந்து திடீரென்று பலசாலியாகத் தெரிவது இதனால்தான். சிலிண்டருக்குள் இருப்பது திரவம். திரவம் முழுக்கத் தீரும்வரை கேஜ் முள் நகராது. முள்ளை நம்பாமல் வாரம் ஒருமுறை சிலிண்டரை எடை போடுங்கள். மீடியாவில் பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும் ஹெபெஸ் 20 மில்லிமோலார் சேர்ப்பது மின்வெட்டு ஊருக்குக் காப்பீடு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்த பிறகு நாகை, திருவாரூர் கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. செல்களைத் திரவ நைட்ரஜனில் உறைய வைக்காமல் ஃபிளாஸ்கில் மட்டும் ஓட்டுவது டெல்டாவில் துணிச்சல் அல்ல, அசட்டுத்தனம். ஐப்பசி அடைமழையில் பூஞ்சை வரும் என்று ஆம்ஃபோடெரிசின் என்ற பூஞ்சைக்கொல்லியை ஊற்றி வைப்பதும் தப்பு. அது செல்சவ்வையே தொடும் மருந்து. சோதனைத் தட்டில் இருக்கக் கூடாது. மருந்துச் சோதனையை மாசியிலிருந்து வைத்துக்கொண்டு, மழைக்காலத்தைச் செல் வளர்த்துச் சேமிக்கவும் ஏற்பியின் மரபணு அந்தச் செல்லில் வேலை செய்கிறதா என்று ஆர்டி-பிசிஆர் பார்க்கவும் ஒதுக்கலாம்.

அந்தப் பிசிஆரைத் தவிர்க்க முடியாது. பல செல் லைன்களில் மியூ ஏற்பி இருப்பதே அரிது. ஆன்டிபாடியால் புரதத்தைத் தேடும் வெஸ்டர்ன் பிளாட்டில் பட்டை வந்தது என்பது போதாது, இந்த வகை ஏற்பிகளுக்கு விற்கும் ஆன்டிபாடிகள் பல கண்டதையெல்லாம் ஒட்டும். செல்லின் சாதியையும் கேளுங்கள்: வாய்ப்புற்று என்று நம் ஊரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கேபி லைன் உண்மையில் ஹீலா, அதாவது கருப்பைவாய்ப் புற்று. யு-87 எம்ஜி கிளியோபிளாஸ்டோமாதான், ஆனால் முதன்முதலில் ஸ்வீடனின் உப்சலாவில் எடுத்த நோயாளியுடையது அல்ல என்று 2016இல் தெரிந்தது. புனேயில் உள்ள தேசியச் செல் வங்கியான என்சிசிஎஸ்ஸிலிருந்து வாங்கி, எத்தனை முறை மாற்றி வளர்த்தது என்ற பாசேஜ் எண்ணை எழுதி வைத்து, மைக்கோபிளாஸ்மா என்ற நுண்கிருமி தொற்றியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

உருண்டை எனப்படும் ஸ்பெராய்டு கட்டிக்குக் கொஞ்சம் நெருக்கம்: வெளியே பெருகும் செல், உள்ளே பட்டினிச் செல், மருந்து ஊடுருவ நேரம் பிடிக்கும். ஒட்டாத தட்டு விலை அதிகம். சாதாரணக் குழியில் 1.5 விழுக்காடு அகரோஸ் 50 மைக்ரோலிட்டரைச் சூடாக ஊற்றி ஆறவிட்டால் அதே வேலையைச் செய்யும். குழிக்கு 1,000 முதல் 2,000 செல், மூன்று நான்கு நாளில் உருண்டை. மூடியில் 20 மைக்ரோலிட்டர் சொட்டாகத் தொங்கவிடும் முறையும் உண்டு. சொட்டு காய்வதாலும் தட்டை எடுக்கும்போது சொட்டுகள் கலந்துவிடுவதாலும் புதியவர்களுக்கு அகரோஸ்தான் நிம்மதி. உருண்டைக்கு எம்டிடி உள்ளே போகாது. மைக்ரோஸ்கோப்பில் விட்டத்தை அளந்து கன அளவாக மாற்றுங்கள். விட்டம் 20 விழுக்காடு சுருங்கினால் கன அளவு ஏறத்தாழப் பாதியாகும். விட்டத்தை மட்டும் வரைந்தால் பலன் சிறிதாகத் தெரியும்.

தட்டில் தொடங்கி, தட்டு கேட்கும் கேள்விக்கு மட்டும் உருண்டைக்குப் போவதே முறை. இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் இரண்டும் அரைகுறையாகும்.

தனி மருந்தா, கூட்டா

மெத்தடோன் தனியாக அல்ல, கீமோவுக்குத் துணையாகத்தான் பயன்படும் என்பதே உல்ம் குழுவின் வாதம். ஆகவே கூட்டுதான் பொருத்தமான சோதனை. கீமோ மருந்துகளில் சிஸ்பிளாட்டினை டிஎம்எஸ்ஓ கரைப்பானில் கரைக்காதீர்கள், டிஎம்எஸ்ஓ மருந்தோடு வினைபுரிந்து செயலிழக்கச் செய்யும்; 0.9 விழுக்காடு உப்புநீர் போதும். டெமோசோலமைடு டிஎம்எஸ்ஓவில் கரைக்க வேண்டியது, ஆனால் மீடியாவின் பிஎச்சில் இரண்டு மணிக்குள் பாதி சிதைந்துவிடும், அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். நோயாளியின் ரத்தத்தில் அது எட்டும் உச்சம் சுமார் 50 மைக்ரோமோலார். 500 ஊற்றிக் கூட்டுப்பலன் தேடுவதில் அர்த்தமில்லை. டாக்சோரூபிசின் தானே ஒளிரும், ஃப்ளோவில் செத்த செல்லுக்கு இடும் பிஐ சாயத்தின் நிறத்தோடு குழம்பும். இரு மருந்தும் சேரும்போது பலன் கூடுகிறதா என்று சொல்லும் கூட்டுக்குறியீடு கணக்கிடச் சூ-டலாலே முறை 1984 முதல் இருக்கிறது. இரண்டு மருந்தையும் மாறாத விகிதத்தில் ஏற்றிக்கொண்டு போனால்தான் அது ஒழுங்காக வரும்.

இடையில் ஒரு வார்த்தை: இத்தகைய முடிவு செய்தியாக வெளியே போனால் கேட்டு வருவது நோயாளியின் குடும்பம். மெத்தடோன் உடலில் தேங்கும்; முதல் நாளில் தாங்கிய அளவே நாலாம் நாளில் மூச்சைத் தணிக்கலாம், ஈசிஜியில் தெரியும் க்யூடி இடைவெளியை நீட்டி இதயத் துடிப்பைக் குலைக்கலாம். கட்டுரைச் சுருக்கத்தில் எந்த அளவில் பலன் தெரிந்தது, ரத்த அளவு என்ன என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.

முதல் மூன்று தட்டுகள் முடிந்ததும் 0.1, 0.3, 1 என்ற மூன்று நெடுவரிசைகளை மட்டும் பாருங்கள். கோடு தட்டையாக இருந்து 10இல்தான் சரிகிறது என்றால் உருண்டைக்கும் கூட்டு மருந்துக்கும் ஆர்டர் போட வேண்டாம். அதே தட்டில் லீவோ, டெக்ஸ்ட்ரோ ஒப்பீட்டையும் லைசோசோம் சாயத்தையும் சேர்த்து, ஏற்பியல்லாத வழி என்று எழுதி முடித்துவிடலாம். 0.3இல் கோடு சரிந்து, நலாக்சோன் வரிசையில் நிமிர்ந்தால், அன்றைக்கே அகரோஸை உருக்குங்கள்.